அட்டை இல்லாத கை

கண்ணு,

நீ ஓசூர் பஸ் ஏறின கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா அதற்குள் தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். "பையன் டாக்டராச் சேர்றான்" என்று சத்தமாகச் சொல்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்று யாராவது கேட்டால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்குகிறது. "இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிங்க. இப்போதைக்கு." அந்த 'இப்போதைக்கு' அவருடைய சொந்தச் சரக்கு இல்லை, உன்னிடம் வாங்கியது. பஸ் ஸ்டாண்டில் என்னிடமும் அதைத்தானே சொன்னாய்? "கொஞ்ச நாள் தள்ளிட்டு மேல படிக்கப் போயிடறேம்மா. அங்க வர்ற ஆளுங்க எதுக்கெடுத்தாலும் சத்தம் போடுவாங்களாம். மரியாதையே கம்மியாம்." கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். இல்லையென்றால் அங்கேயே உனக்கு ஒரு கச்சேரி நடந்திருக்கும். பரவாயில்லை, எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

மேல்படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் படி. ஆனால் நீ போகிற இடத்தைப் பற்றி உனக்கு யாரோ சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நுழையாதே. உன் அம்மா அந்த மாதிரி இடத்தில்தான் தன் வயதைக் கழித்தாள். நீ அதைப் பார்த்து வளர்ந்ததாக நினைத்துக்கொண்டிருப்பாய். நீ பார்த்தது வெள்ளைப் புடவையையும் சனிக்கிழமை பஸ்ஸையும் மட்டும்தான். நான் ஏன் உன்னை விட்டுவிட்டு ராணிப்பேட்டைக்குப் போனேன் என்று நீ கேட்டதே இல்லை. கேட்காத பிள்ளைக்குச் சொல்வானேன் என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது நீயே டாக்டர் நாற்காலியில் உட்காரப் போகிறாய், அதனால் சொல்கிறேன்.

நான் முதலில் நர்ஸாக இருந்தது வேறு ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே யாரும் எங்களிடம் சத்தம் போட்டதில்லை. வார்டுக்குள் நான் நுழைந்தால் பாட்டன் வயதுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். ஒரு மாத்திரைக்குக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பிள்ளைக்கு ஜுரம் இறங்கினால் தாய்க்காரி என் காலில் விழுவாள். இருபது வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? நன்றாகத்தான் இருக்கும். நானே ஏதோ என் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பது போல மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தபோது, எழுபதுகளின் தொடக்கத்தில், வேங்கிக்கால் போகிற சாலையில் ஒரு வாடகை வீட்டில் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அந்தப் பக்கத்து எண்ணெய் மில்லிலும் மற்ற சில மில்களிலும் வேலை செய்கிறவர்களுக்கானது. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளியும் கொஞ்சம் கட்ட வேண்டும், தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் வைத்தியம் இலவசம். கையில் ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள். நான் அங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன்.

போன புதிதில் ஒரு நாள் ஏழுமலை என்கிறவன் வந்தான். மில்லில் கொதிகலன் பக்கம் வேலை. முழங்கையில் சூடு பட்டிருந்தது. நான் உள்ளே வேறொருத்திக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை. "ஏன் சிஸ்டர், எவ்ளோ நேரம் உக்கார்றது? இன்னா ஓசியிலயா வைத்தியம் பண்றீங்க? மாசாமாசம் எங்க சம்பளத்துல புடிக்கறாங்க இல்ல?" என்று வாசல் அதிரக் கேட்டான். எனக்கு வந்ததே கோபம். கட்டுப் போடும்போது வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கித்தான் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உடைக்காத குறை. உன் அப்பா "யாரு இன்னா சொன்னாங்க?" என்றார். "சம்பளத்துல புடிக்கறாங்களாம், துரைக்கு" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "நெசமாத்தான புடிக்கறாங்க?" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

ஆனால் அந்தக் கேள்வி என் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் எனக்கே ஒன்று தெரிய ஆரம்பித்தது. பழைய ஆஸ்பத்திரியில் காலில் விழுந்தவர்கள் எல்லாம் நோய் முற்றிய பிறகு வந்தவர்கள். அங்கே போய்க் கெஞ்ச வேண்டுமே என்ற கூச்சத்திலேயே கடைசி வரை தள்ளிப்போட்டவர்கள். இங்கே வருகிறவர்கள் சாதாரண இருமலுக்கே வந்து நின்றார்கள். "என்னோட ஆஸ்பத்திரி, நான் வருவேன்" என்கிற மாதிரி வந்தார்கள். அப்படி வந்த இருமல்களில் சிலது சாதாரண இருமல் இல்லை. டாக்டர் எக்ஸ்ரேக்கு அனுப்பினார், மாதக்கணக்கில் மருந்து கொடுத்தோம், பிழைத்தார்கள். கும்பிட வருகிறவனைவிடக் கத்த வருகிறவன் சீக்கிரம் வருகிறான், கண்ணு. நான் வேலையில் கற்றுக்கொண்டவற்றில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊசி போடாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்பார்கள். "மாத்திரை கொடுத்து ஏமாத்துறீங்க, ஊசியை யாருக்கு வெச்சிருக்கீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் பாதி மில்லுக்கு வயிற்றுவலி வந்துவிடும். லீவுக்குச் சீட்டு வேண்டுமாம். எங்கள் டாக்டர் நல்லவர், கொஞ்சம் பயந்த சுபாவம். சீட்டு கொடுத்தால் மில் மானேஜர் ஆள் அனுப்பிக் கேட்பார், கொடுக்காவிட்டால் சங்கத்துக்காரர்கள் வந்து கேட்பார்கள். அவர் நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் நான் ஒரு வேலை செய்தேன். வயிற்றுவலி என்று வந்து நின்ற அத்தனை பேருக்கும் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தேன். "குடிச்சிட்டு இங்கயே கொஞ்ச நேரம் உக்காருங்க, அப்பறம் சீட்டு" என்றேன். பாதிப் பேருக்கு வலி அங்கேயே நின்றுவிட்டது. மீதிப் பேரில் இரண்டு பேருக்கு உண்மையிலேயே வலி, அவர்களுக்கு டாக்டர் சீட்டுக் கொடுத்தார். இதையெல்லாம் நீயும் பார்ப்பாய், சிரித்துக்கொண்டே பார்.

இனி நீ சிரிக்காமல் கேட்க வேண்டிய பகுதி. அந்த ஆஸ்பத்திரியில் வாசலில் வருகிறவர்களிடம் நாங்கள் கேட்கிற முதல் வார்த்தை 'அட்டை'. என்ன உடம்புக்கு என்பது அதற்குப் பிறகுதான். விதி அப்படி. பழைய ஆஸ்பத்திரியில் யார் வந்தாலும் பார்த்தோம், இங்கே அட்டை உள்ளவர்களை மட்டும்தான் பார்க்க வேண்டும். முதல் வாரம் அந்த வார்த்தை வாயில் ஒட்டவில்லை. ஒரு வருஷத்தில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால்கூட அட்டையைக் கேட்டுவிடுவேனோ என்கிற அளவுக்குப் பழகிவிட்டது. இந்த வேலை நமக்குச் செய்கிற காரியம் இது. நல்ல திட்டம்தான், நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வாசலில் நிற்க வைத்து உள்ளே யார் வெளியே யார் என்று பிரிக்கிற வேலையை அது நம் தலையில் கட்டிவிடுகிறது.

அந்த எண்ணெய் மில்லையே எடுத்துக்கொள். ஒரே மதில் சுவருக்குள் எண்ணெய் பிழிகிற ஆட்களுக்கு அட்டை உண்டு. அவர்களுக்குப் பக்கத்துக் கொட்டகையில் மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலைப் பருப்பெடுக்கிற மிஷினில் வேலை செய்கிற பொம்பளைகளுக்கு இல்லை. மல்லாட்டை வருகிற மாதங்களில் மட்டும் வேலை, அதனால் அவர்கள் கணக்கில் சேர மாட்டார்களாம். தூசியும் இரைச்சலும் அவர்களுக்குத்தான் ஜாஸ்தி. ஒரு நாள் காலையில், வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஏழுமலை ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவள் வலது கை மிஷினின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. முந்தானையைச் சுற்றியிருந்தார்கள், அது நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அட்டெண்டர் கோவிந்தன் வழக்கம்போல "அட்டை?" என்றான். ஏழுமலை தன் அட்டையை நீட்டினான். "என் சம்சாரம்" என்றான்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். ஏனென்றால் அவன் சம்சாரம் பூங்காவனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் ஏழு மாதம் கர்ப்பம், முந்தின வாரம்தான் என்னிடம் வந்து ஊசி போட்டுக்கொண்டு போனாள். இவள் வேறு. அடி அண்ணாமலைக்காரி, சின்னப்பொண்ணு என்று பேர், புருஷன் இல்லை, அந்தக் கொட்டகையில்தான் வேலை. கை மாட்டியதும் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, இது பூங்காவனம் இல்லை என்பது மட்டும். பெரிய ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. ரத்தம் நின்றபாடில்லை. "உள்ள கூட்டிட்டு வா" என்றேன். டாக்டர் தையல் போட்டார். அவருக்குப் பூங்காவனத்தின் முகம் நினைவில்லை, ஒரு நாளைக்கு அத்தனை பேரைப் பார்க்கிறார். கோவிந்தன் அட்டையைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். எனக்கு நினைவிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

தையல் போட்டால் போதுமா? கட்டு மாற்ற வேண்டும், சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வரச் சொன்னேன். அந்தக் கையோடும் வேலைக்குப் போனாள், போகிற வழியில் ஏழுமலையின் அட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். இங்கேதான் சிக்கல். எங்கள் ஆஸ்பத்திரியில் பெண்களை அவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அட்டையில் இருப்பது புருஷன் பேர், பேர் கேட்டால் பெண்கள் கூச்சப்படுவார்கள். அதனால் கோவிந்தன் வாசலில் நின்று அட்டையைப் பார்த்து "மாரிமுத்து சம்சாரம்!", "பச்சையப்பன் சம்சாரம்!" என்று ஏலம் விடுவான். அந்தந்த அம்மாள் எழுந்து வருவாள். சின்னப்பொண்ணு முதல் நாள் கூப்பிட்டதும் எழுந்திருக்கவே இல்லை. கோவிந்தன் தொண்டை கிழியக் கத்திய பிறகு தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். "எனக்கு அந்தப் பேருக்கு எழுந்து வரக் கூசுது சிஸ்டர்" என்றாள். "கை ஆறட்டும், அப்பால வீட்லயே உக்காந்துக்கோ, யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றேன். சிரித்தாள். அதுதான் அவள் சிரித்து நான் பார்த்த முதல் தடவை.

அப்படி ஒரு நாள் கோவிந்தன் "ஏழுமலை சம்சாரம்!" என்று கூவினான். சின்னப்பொண்ணு எழுந்தாள். பெஞ்சின் மறு ஓரத்தில் காது வலிக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருந்தவன் மில் மேஸ்திரி சடகோபன். பூங்காவனத்துக்குப் பெரியப்பா மகன். அவனுக்குச் சின்னப்பொண்ணுவையும் தெரியும், அவன் கொட்டகையில்தானே வேலை செய்கிறாள். தன் தங்கைப் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட, ஊரறிய ஒருத்தி எழுந்து போகிறாள். மருந்துகூட வாங்காமல் போய்விட்டான். அன்று மாலையே சேதி கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டது, அதுதான் பூங்காவனத்தின் தாய்வீடு. மறுநாள் அவள் அண்ணன்கள் வந்து ஏழுமலையை நாலு தட்டுத் தட்டி, நிறைமாதத்தை நெருங்குகிறவளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் ஏழுமலை ஆஸ்பத்திரிக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது. சத்தம் இல்லை. வாசலில் நின்று, "சிஸ்டர்" என்று மெதுவாகக் கூப்பிட்டான். அவன் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "நான் சொல்றதை யாரும் நம்பலீங்க. ரத்தம் ஊத்துதுன்னு இட்டுக்கினு போனேன்னு சொன்னா, அப்போ உன் பொண்டாட்டியைத் தெரிஞ்ச நர்ஸம்மா ஏன் சும்மா இருந்தாங்கன்னு கேக்கறாங்க. அவங்களே ஒத்துக்கினாங்கன்னா அவ உன் சம்சாரம்தான்னு அடிச்சுப் பேசறாங்க. நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னீங்கன்னா..." சொல்லிக்கொண்டே என் காலைத் தொடக் குனிந்துவிட்டான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என்னிடம் முதன்முதலில் சத்தம் போட்டவன் அவன். "எழுந்திரு முதல்ல. நிமிந்து நின்னு பேசு" என்று அதட்டினேன்.

வந்து சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அட்டை இல்லாதவளுக்கு, தெரிந்தே, இன்னொருவன் அட்டையில் வைத்தியம் பார்த்தேன் என்று நாலு பேர் முன்னால் என் வாயாலேயே சொல்ல வேண்டும். கேட்கிற நாலு பேரில் ஒருவன் மில் மேஸ்திரி. மில்காரர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரி மேல் ஏற்கெனவே கடுப்பு. அதைவிட, அவர்கள் மிஷினில் ஒரு பெண்ணின் கை மாட்டியதை வெளியே யாரும் பேசாமல் இருக்க வேண்டும். உன் அப்பாவிடம் சொன்னேன். "வேலை போயிடுமா?" என்று கேட்டார். "போகாது. தூக்கி எங்கயாவது போடுவாங்க" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ அப்போது இரண்டாம் வகுப்பு, ஸ்லேட்டை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். யோசிக்காமல் போனேன் என்று நினைக்காதே. உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றுக்கட்டிலில் அண்ணன்கள், சடகோபன், உறவுக்காரர்கள் நாலைந்து பேர். ஏழுமலை தள்ளி வேப்பமரத்தடியில். எனக்கு நாற்காலி போட்டார்கள், நான் உட்காரவில்லை. மூத்த அண்ணன்தான் கேட்டான்.

"நர்ஸம்மா, எங்க தங்கச்சியை உங்களுக்குத் தெரியும் இல்லீங்க?"

"தெரியும். அவ வயித்துல புள்ளை எந்தப் பக்கம் தலை வெச்சிருக்குதுன்னுகூடத் தெரியும்."

"அப்போ வேற ஒருத்தியை இவன் சம்சாரம்னு சொன்னப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா அவளை வெளிய அனுப்பணும். அட்டை இல்லாதவளுக்கு அங்க கட்டுப் போடக் கூடாது. அவளுக்குக் கட்டுப் போடணும்னுதான் இவன் அப்படிச் சொன்னான். பொய்யின்னு தெரிஞ்சுதான் நான் கட்டுப் போட்டேன். இன்னிக்கும் அதே கை வந்தா அதைத்தான் பண்ணுவேன்."

சடகோபன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அது ரூல்ஸுக்கு விரோதம் இல்லீங்களா, சிஸ்டர்?"

"விரோதம்தான். உங்க கொட்டகையில கை மாட்டினவளைத் துணியைச் சுத்திக்கினு வீட்டுக்குப் போன்னு சொன்னாங்களே, அது எந்த ரூல்ஸுன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். அவன் மல்லாட்டையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

இவ்வளவு பேசியும் அண்ணன்கள் முகம் முழுசாகத் தெளியவில்லை. அப்போது பூங்காவனம் உள்ளே இருந்து வாசல்படிக்கு வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் என்னைக் கேட்டாள்.

"அவளை இவரு எப்படி இட்டுக்கினு வந்தாரு சிஸ்டர்?"

"இன்னொரு கையைப் புடிச்சு இழுத்துக்கினு ஓடியாந்தாரும்மா. சட்டையெல்லாம் ரத்தம். அதுக்கப்பறம் ஒரு நாளும் வரல, அவ தனியாத்தான் வந்தா."

"சட்டையெல்லாம் ரத்தமா?" என்று அவள் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தச் சட்டையைத் துவைச்சதே நான்தான். ஆட்டுக்கறி வாங்கிக்கினு வர்றப்ப பொட்டலம் அவுந்துடுச்சுன்னு சொன்னே! கறி எங்கய்யான்னா நாய் தூக்கிக்கினு போயிடுச்சுன்னே!"

ஏழுமலை மரத்தடியிலிருந்து, "உன்கிட்ட சொன்னா சண்டை போடுவேன்னு..." என்று இழுத்தான். அவள் சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். என்னால் வந்து சொல்ல முடிந்ததைவிட அந்தச் சட்டைதான் ஜாஸ்தி சொன்னது. ஆனால் நான் போகாமல் இருந்திருந்தால் சட்டையைப் பற்றிய பேச்சே வந்திருக்காது. அன்று சாயங்காலமே அவள் புருஷனோடு பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டில் நான். வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள், கேட்கக் காது குளிர்ந்தது.

நான் நினைத்தபடியே சடகோபன் வழியாக மில் ஆபீசுக்கும், மில் ஆபீஸ் வழியாக மேலிடத்துக்கும் புகார் போனது. விசாரிக்க ஒருவர் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் எங்கள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏழுமலை ஏமாத்திட்டான், எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் கொடுங்கம்மா. அதோட முடிஞ்சிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நினைத்துப் பார். நான் ஏமாந்தேன் என்று எழுதினால் அவன் அட்டை போகும், வேலையும் போகும். அதைவிட, கீழ்பென்னாத்தூர்க் களத்தில் நான் சொன்னது பொய் என்றாகிவிடும். நர்ஸம்மா நிஜமாகவே அவளைச் சம்சாரம் என்றுதான் நம்பியிருக்கிறாள் என்று சடகோபன் மறுபடி போய்ச் சொல்ல மாட்டானா? பூங்காவனத்துக்கு அது பேறுகால மாதம். "எனக்குத் தெரியும்னுதான் சார் எழுதுவேன்" என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு வேற வழியில்லைம்மா" என்றார். எனக்கு எதிரான காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டபோது நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். நல்ல கையெழுத்து, அவசரமில்லாத கையெழுத்து.

பழி முழுக்க என் மேல் விழுந்ததால் ஏழுமலையின் அட்டையும் வேலையும் தப்பின, என்னை ராணிப்பேட்டைக்குத் தூக்கிப் போட்டார்கள். அப்பாவுக்கு இங்கே மண்டியில் வேலை, உனக்கு இங்கே பள்ளிக்கூடம். நீ ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் நான் சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியற்காலையில் போகிறவளாக இருந்தேன். உன் அப்பா உனக்குச் சோறாக்கிப் போட்டுத் தலை சீவி அனுப்பினார். அந்த மனுஷன் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இதை நீ அவருக்காக நினைவில் வைத்துக்கொள். ஒரு சனிக்கிழமை நான் உனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க ஊருக்கு எப்போ போவே?" என்று கேட்டாய். உங்க ஊர்! நான் ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உப்பு எடுக்கப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். போய் அழுதேன்.

அதற்காக நான் செய்தது தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சின்னப்பொண்ணுவின் கையில் இரண்டு விரல் மடங்காது, மற்றபடி கை பிழைத்தது. எனக்குப் பிறகு வந்த நர்ஸ் அவளை உள்ளே விடவில்லை. ஆனால் அதற்குள் காயம் மூடியிருந்தது. பூங்காவனத்துக்குப் பெண் பிறந்தது. ஏழுமலை இன்றைக்கும் தெருவில் என்னைப் பார்த்தால் சத்தமாகத்தான் பேசுவான். மல்லாட்டை உடைக்கிற பெண்களுக்கு இன்னும் அட்டை வரவில்லை. அதனால் திட்டமே வீண் என்று சொல்கிறவர்களோடு சேராதே. உள்ளே வந்தவர்களுக்கு அது உயிரைக் கொடுத்தது, நான் கண்ணால் பார்த்தேன். வெளியே நிற்கிறவர்களை உள்ளே கொண்டுவரச் சொல்லி நீ எழுது, பேசு, சண்டை போடு. நீ டாக்டர், நீ எழுதினால் படிப்பார்கள். உன்னிடம் சத்தம் போடுகிறவர்களிடம் கோபித்துக்கொள்ளாதே. அவர்கள் தங்களுடைய இடத்துக்கு வந்திருக்கிறார்கள். நீதான் அங்கே வேலைக்கு வந்தவன்.

ஓசூரில் எத்தனையோ பாக்டரிகள். எந்த மதிலுக்குள்ளும் அட்டை உள்ள கையும் இருக்கும், இல்லாத கையும் இருக்கும். உன் நர்ஸ்களில் ஒருத்தி என்றைக்காவது அட்டை கேட்காமல் கட்டுப் போடுவாள். யாராவது புகார் எழுதுவார்கள். காகிதம் உன் மேஜைக்கு வரும், அவள் எதிரில் நிற்பாள். விதி அவளுக்கு எதிராகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை, உன் மனசு. ஆனால் போடுவதற்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வீட்ல சின்னப் புள்ளை இருக்குதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேள். என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் பேரைச் சொல்லியிருப்பேன்.

அம்மா